தலைமையாசிரியர் மறுத்த இரண்டு வாரம்

அன்புள்ள தலைமையாசிரியர் ஐயாவுக்கு,

கணவரை இப்படியா அழைப்பது என்று கேட்காதீர்கள். உங்கள் பள்ளியில் நான் ஆசிரியையாக இருந்தபோது விடுப்புக் கடிதத்தில் இப்படித்தானே எழுதச் சொன்னீர்கள்?

நீங்கள் உயிரோடு இருந்து பார்க்கவில்லை, உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். தாய் இல்லாத மருமகள் பிள்ளையோடு நம் பள்ளத்தூருக்கே வந்துவிட்டாள். நம் சேவியர் வேலை பார்க்கும் மத்திய அரசு அலுவலகத்தில் இப்போது அப்பாவுக்கும் பதினைந்து நாள் விடுப்பு உண்டு. எடுத்துக்கொண்டு வந்தான். துணி அலசுகிறான், பிள்ளையைத் தோளில் போட்டுத் தூங்கவைக்கிறான்.

ஊருக்குப் பொறுக்கவில்லை. மாதாகோயிலில் சிரிப்பு, பஸ்ஸில் சிரிப்பு. நேற்று உங்கள் தம்பி வந்தார். சேவியர் கொடியில் துணி காயப்போடுவதைப் பார்த்து, பிள்ளை பெத்தது யார் என்று கேட்டார். ஸ்வீடனில் இருக்கும் என் பழைய மாணவி எழுதியதைச் சொன்னேன். அங்கே அப்பாக்கள் மாதக்கணக்கில் வீட்டில் இருக்கிறார்களாம், அங்கேயும் ஆபீஸில் கிண்டல் உண்டாம். அமெரிக்காவில் இருக்கும் இன்னொரு மாணவியோ, சம்பளமில்லாத விடுப்புக்கே மேலதிகாரி முகம் சுளித்தார் என்கிறாள். உங்கள் தம்பி அசரவில்லை.

"அந்த ஊரு கதையெல்லாம் எதுக்கு மதினி? அண்ணே ஒரு நாளு லீவு போட்டிருப்பாகளா?"

சேவியர் தலை குனிந்தான். நாளைக்கே வேலைக்குப் போய்விடுகிறேன் என்றான். உங்கள் பெயர் வந்தால் அவன் அப்படித்தான்.

பெட்டியைத் திறந்தேன். கைக்குழந்தையாக அவன் வயிற்றுப்போக்கில் வாடியபோது, பிரசவ விடுப்புக்கு மேல் இரண்டு வாரம் கேட்டு நான் எழுதிய கடிதம் அதில் இருக்கிறது. மூலையில் உங்கள் சிவப்பு மை: 'மற்ற ஆசிரியைகளுக்கு முன்மாதிரியாக இருக்கவும்.' மனைவிக்குச் சலுகை காட்டினார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. மறுநாள் ஐந்தாம் வகுப்பில் கரும்பலகை முன் நின்றேன். பால் கட்டி ரவிக்கை நனைந்தது. நீங்கள் வராந்தாவில் நடந்து போனீர்கள். பார்த்தீர்களா, பார்க்காததுபோல் போனீர்களா?

சேவியர் படித்தான். சித்தப்பாவிடம் நீட்டினான். அவர் காபியைக் குடிக்காமலே எழுந்து போனார். இவன் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனான்.

வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை உங்கள் முன்மாதிரியாகவே இருந்தேன். விடுப்பு கேட்ட இளம் ஆசிரியைகளிடம், "நான் வரலையா?" என்று கேட்டிருக்கிறேன். அதற்காக உங்களை மன்னிக்கவில்லை. என்னையும்தான்.

இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதில் ஒன்றைக்கூட யாரும் பிடுங்க விடமாட்டேன். சிரிக்க வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடுப்பேன். உங்கள் மை இன்னும் மங்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் பேத்தியின் அப்பத்தா