ஆளில்லாத முப்பத்தாறு படங்கள்

என் பாசத்துக்குரிய குகன் அண்ணைக்கு,

லண்டனில் மிச்சம் என்கிற ஊரின் பொதுவெளியில் உங்களுடைய குளம் இன்று உறைந்திருக்கிறது. ஏழரை மணிக்கே போய்விட்டேன். நாணல் ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை ஏறியிருந்தது. நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் என்னைக் கடந்து போய், நின்று, இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். இந்தக் குளிரில், ஒருவருமில்லாத இடத்தில், கமராவோடு நிற்கிறவன் என்ன எடுக்கிறான் என்று யோசித்திருப்பார். எனக்குக் கோபம் வரவில்லை. நான் உங்களை அதைவிட மோசமாகப் பார்த்தவன்.

நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரியும். கோயிலில் விபூதி கொடுத்தாலும் மணந்து பார்த்துத்தான் பூசுவேன் என்று என் மனைவி வசந்தி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுப்பதற்கும் காரணம் உண்டு. அன்று குசினியில் இருந்து உங்களைப் பற்றித் தீர்ப்புச் சொன்னவர்கள் இன்னும் லண்டனில்தான் இருக்கிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும்.

தோர்ண்டன் ஹீத் வீட்டில் நாங்கள் ஐந்து பேர், ஒரு குசினி, ஒரு நல்ல ஓவர்கோட். எல்லோருடைய அகதிக் கேசும் முடிவு தெரியாமல் கிடந்தது. தபால்காரன் கதவில் கடிதம் போடும் சத்தத்துக்கு ஐந்து பேரும் நடுங்கினோம். ஆர் ஆருடைய ஆள், ஆர் எங்கே எதைச் சொல்கிறான் என்ற பேச்சுத்தான் எங்களுக்குச் சோற்றோடு கறி. அந்த வீட்டுக்குத்தான் நீங்கள் ஒரு சூட்கேசோடும் ஒரு கமராவோடும் வந்து சேர்ந்தீர்கள்.

எண்பத்தேழாம் ஆண்டு தை மாதத்துப் பனி நினைவிருக்கிறதா? ஒரே இரவில் தெருவே காணாமல் போயிருந்தது. ஊருக்குப் படம் அனுப்புகிற சடங்கு எங்களுக்கு அன்றைக்குத்தான் வாய்த்தது. எங்களில் இளையவன் செல்வம் அந்த ஓவர்கோட்டை முதலில் மாட்டிக்கொண்டான். பக்கத்து வீட்டுக்காரரின் சிவப்புக் காரில் கையை ஊன்றி, சொந்தக் கார் போல நின்றான். அவனுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவனுக்குப் பின்னால் கோட்டுக்காக நாங்கள் வரிசையில் நின்றோம். கமரா உங்கள் கழுத்தில் தொங்கியது.

"குகன் அண்ணை, கெதியா எடுங்கோ, அந்தாள் காரை எடுக்க வரப்போறார்," என்றான் செல்வம்.

"நான் ஆக்களை எடுக்கிறேல்லை தம்பி."

"பகிடி விடாதேங்கோ அண்ணை."

"பகிடியில்லை. இந்தா, கமராவைத் தாறன். நீங்களே மாறி மாறி எடுங்கோ. நான் எடுக்க மாட்டன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். உங்கள் முகத்தில் சிரிப்பு இல்லை. சந்தேகம் எனக்குள் வந்து சம்மணம் கட்டி உட்கார்ந்தது அந்த நிமிடத்தில்தான். ஆட்களை எடுக்காத படப்பிடிப்பாளன் எங்காவது உண்டா? நீங்கள் எங்களை எடுத்திருந்தால், எங்கள் முகம் எங்கே போகிறதோ என்று பயப்பட்டிருக்கலாம், அதில் ஒரு நியாயமாவது இருக்கும். நாங்களோ எடுக்காததற்குப் பயந்தோம்.

பிறகு நீங்கள் செய்ததெல்லாம் எனக்குக் குற்றமாகவே பட்டது. பேக்கரி வேலையால் களைத்து வருகிற மனிதன் ஞாயிற்றுக்கிழமை விடியமுன் எழும்பி ஏன் மிச்சம் வெளிக்குப் போக வேண்டும்? எங்களுக்குக் குளிர் ஒரு தண்டனை. நீங்கள் மட்டும் சப்பாத்து நனைந்து, மூக்குச் சிவந்து, கோயிலுக்குப் போய் வந்தவர் போல முகம் மலர்ந்து வந்தீர்கள். குளிரில் சந்தோசமாக வருகிறவன் குளிருக்காகப் போயிருக்கமாட்டான் என்று நான் முடிவு கட்டினேன்.

உங்கள் கட்டிலடியில் கிடந்த சிறிய கொப்பியையும் பார்த்தேன். ஓம், திறந்து பார்த்தேன். 'குளம் 8, 125. வேலி 11, 60. கம்பம் 8, 250.' இப்படிப் பக்கம் பக்கமாக இருந்தது. கமராவின் துவாரமும் வேகமும் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று எனக்கு அது சங்கேதக் குறிப்பு.

அடுத்த நாள், நீங்கள் வேலைக்குப் போனபின், மேசை லாச்சியில் இருந்த பிலிம் சுருளை எடுத்துக்கொண்டு, படம் கழுவிக் கொடுக்கிற மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே தந்த என்வலப்பில் பெயரை எழுதி, சுருளை உள்ளே போட்டு ஒட்டிக் கொடுத்தேன். மூன்று நாளில் முப்பத்தாறு படங்கள் வந்தன. உறைந்த குளம். பனி மூடிய வேலி. வலையில்லாத ஒரு உதைபந்தாட்டக் கோல் கம்பம். ஆள் உட்காராத ஒரு மர வாங்கு. முப்பத்தாறிலும் ஒரு மனித முகம் இல்லை.

அன்றிரவுச் சாப்பாட்டுக்கு முன் அவற்றைக் குசினி மேசையில் பருப்புச் சட்டியைச் சுற்றிப் பரப்பினேன். நீங்கள் வேலையில் இருந்தீர்கள்.

"உது இடம் பாக்கிறது," என்றான் செல்வம். "ஆருக்கோ இடம் காட்டுறார்."

"குளத்தைக் காட்டி ஆருக்கு என்ன பிரயோசனம்?" என்று ஒருவர் கேட்டார்.

"பிரயோசனம் இல்லாமல் ஒரு மனிசன் சுருள் சுருளாப் படம் எடுப்பானோ?" என்று கேட்டது நான். அதற்கு ஒருவரிடமும் பதில் இல்லை. பதில் இல்லாததையே சாட்சியாக எடுத்துக்கொண்டோம்.

செல்வத்தின் தமையன் வருகிறார், அறை வேண்டும் என்ற பொய்யை உங்களிடம் சொன்னதும் நான்தான். செல்வத்துக்குத் தமையனே இல்லை. நீங்கள் என்னை ஒரு கணம் பார்த்தீர்கள்.

"ஓம் தம்பி, விளங்குது. சனிக்கிழமை போறன்," என்றீர்கள். எங்கே போவீர்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த மாதக் குளிரில், பாதி உருகிய பனிச் சேற்றில், சூட்கேசை இழுத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தீர்கள். அதற்கு முன் என் கெட்டித்தனத்தைப் பாருங்கள். திருட்டுத் தெரியக்கூடாதென்று, படங்களை அந்த என்வலப்போடு உங்கள் கமராப் பையின் வெளிப்பக்கத்தில் சொருகிவிட்டேன். எப்போதோ நீங்களே கழுவக் கொடுத்து மறந்துவிட்டதாக நினைப்பீர்கள் என்பது என் கணக்கு.

நாலு வருடம் கழித்து விம்பிள்டனில் என் கலியாணம். உங்களுக்கு அழைப்பு அனுப்பாமல் விட்டால் அது ஒரு ஒப்புதல் ஆகிவிடுமோ என்று பயந்துதான் அனுப்பினேன். அண்ணை, உண்மையைச் சொல்கிறேன், வரமாட்டீர்கள் என்று நம்பியே அனுப்பினேன். வந்தீர்கள். பழுப்புத் தாளில் சுற்றிய ஒரு படத்தை வசந்தியின் கையில் கொடுத்தீர்கள். அந்தக் குளம். நான் திருடிக் கழுவிய சுருளில் இருந்த அதே குளம், பெரிதாக்கிச் சட்டமிட்டு.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, சட்டத்தின் பின்பக்க ஆணிகளைக் கழற்றி உள்ளே ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று பார்த்ததுதான். மட்டையைத் தவிர ஒன்றுமில்லை.

"உங்களுக்கு ஒரு குளத்திலையும் சந்தேகமோ?" என்று வசந்தி கேட்டாள். படத்தை வாங்கித் திரும்ப ஆணியடித்துச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே அவள்தான் மாட்டினாள்.

அந்த மேசையில் இருந்து இரண்டு வருடம் கோப்பி குடித்தேன். வேவு பார்ப்பதுபோலத்தான் அந்தப் படத்தைப் பார்க்கத் தொடங்கினேன். ஒரு நாள் பனிக்கட்டியில் ஒரு கீறல் தெரிந்தது. இன்னொரு நாள் அந்தக் கீறலுக்குக் கீழே ஒரு இலை. வெள்ளை என்று நினைத்தது வெள்ளையில்லை, கரையில் நீலம், நாணலடியில் மஞ்சள், நடுவில் எந்தப் பெயருமில்லாத ஒரு நிறம். லண்டன் குளிரை வேலைக்குப் போகத் தடையாக மட்டும் கண்டவன் நான். ஒரு மார்கழியில், இரவு ஷிப்ட் முடிந்து வந்தவன், வீட்டுக்குள் போகாமல் நேராக அந்தக் குளத்தடிக்குப் போய் நின்றேன். அடுத்த கிழமை பழைய கமரா ஒன்று வாங்கினேன். அதைச் சொல்லி வெட்கப்படக்கூட எனக்கு ஆளில்லை.

என் படங்களில் பனி எல்லாம் அழுக்கு வேட்டி நிறத்தில் வந்தது. வேறு யாரைக் கேட்பது? உங்களுக்கு ரெலிபோன் எடுத்தேன். கூட இருந்து சாப்பிட்டுவிட்டு நேற்றுத்தான் போனவர் போலக் கதைத்தீர்கள்.

"கமரா பனியை நம்பாது தம்பி. இவ்வளவு வெள்ளை இருக்க ஏலாது, இதிலை ஏதோ சூழ்ச்சி இருக்கு எண்டு நினைச்சு வெளிச்சத்தைக் குறைச்சுப்போடும். நீர்தான் ஒண்டரை ஸ்டொப் வெளிச்சம் கூடக் குடுக்கவேணும். அது சொல்லுறதைக் கேளாதையும்."

ரெலிபோனை வைத்தபின்தான் உறைத்தது. நீங்கள் கமராவைப் பற்றித்தான் சொன்னீர்களா? "ஒரு ஞாயிற்றுக்கிழமை வாரும், சேர்ந்து போவம்," என்றும் கூப்பிட்டீர்கள். மூன்று குளிர்காலம் கூப்பிட்டீர்கள். ஒவ்வொரு தரமும் ஒரு சாட்டுச் சொன்னேன். குளத்தடியில் வைத்துக் கேட்டுவிடுவீர்களோ என்ற பயம். உங்களைப் பார்க்கவேண்டும் என்ற ஆசையைவிட அந்தப் பயம் பெரிதாக இருந்தது. இந்த ஐப்பசியில், பேக்கரிக்குப் போகும் வழியில், உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது.

எட்டுச் செலவு என்ற எட்டாம் நாள் சடங்கு முடிந்தபின், ஹரோவில் உங்கள் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். ஊரில் நடந்ததை அவர்தான் சொன்னார். உதைபந்தாட்டத்தில் கோப்பை வென்ற அன்று, பதினொரு பேரையும் கோல் கம்பத்தடியில் நிற்கவைத்து நீங்கள் ஒரு படம் எடுத்தீர்கள். அது கழகச் சுவரில் தொங்கியது. ஒருநாள் சீருடையில் வந்தவர்கள் அதைக் கழற்றி, ஒவ்வொரு முகத்தையும் படத்தோடு ஒத்துப் பார்த்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நாலு பேர் திரும்பவில்லை. படம் எடுத்தவர் என்பதால் படத்தில் இல்லாதவர் நீங்கள் மட்டும்.

எந்தச் சீருடை என்று அக்கா சொல்லவில்லை. நானும் முதல் தடவையாக ஒன்றைக் கேட்காமல் விட்டேன். அண்ணை, அன்று அந்தச் சிவப்புக் காரடியில் இதை எங்களிடம் சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேனா? இரண்டாவது கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும்.

பிறகு அக்கா ஒரு சப்பாத்துப் பெட்டியை என் மடியில் வைத்தார். உள்ளே உங்கள் படங்கள், எல்லாம் மருந்துக்கடை என்வலப்புகளில். அடியில் கிடந்தது மிகப் பழையது. அதன் மேல் என் பெயர், என் கையெழுத்தில். வரதன், தோர்ண்டன் ஹீத். வேவு பார்க்கப் போனவன் தன் பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை உங்கள் பைக்குள் நானே வைத்துமிருக்கிறேன். பெயரை மறைக்கவேண்டும் என்ற புத்திகூட வராத அளவுக்கு உங்களைச் சந்தேகப்படுவதில் மூழ்கியிருந்தேன்.

ஆக, பஸ்சில் ஏறிப் பையைத் திறந்த அன்றே உங்களுக்குத் தெரியும். கலியாணத்துக்கு வந்தபோது தெரியும். ஒன்றரை ஸ்டொப் என்றபோது தெரியும்.

அது மட்டுமில்லை. மற்ற என்வலப்புகளையும் எடுத்துப் பார்த்தேன். எண்பத்தெட்டு, தொண்ணூறு, தொண்ணூற்றுநாலு. எல்லாவற்றிலும் வரதன் என்ற பெயர்தான், ஆனால் உங்கள் கையெழுத்தில். ஒன்பது வருடமாக நீங்கள் என் பெயரில் படம் கழுவியிருக்கிறீர்கள். முதலில் என்ன நினைத்தேன் என்று மறைக்காமல் சொல்கிறேன், என்னை எதிலோ மாட்டிவிடத்தான் செய்தீர்கள் என்று நினைத்தேன். நாய் வாலை நிமிர்த்த முடியாது அண்ணை.

"ஆர் உந்த வரதன் எண்டு நானும் கேட்டனான்," என்றார் அக்கா. "'என்ரை படத்தை முதல் முதல் பாத்தவன் அக்கா' எண்டு சொல்லிச் சிரிச்சவன். நீர் அவனுக்கு நல்ல சிநேகிதம் போல."

நான் ஓம் என்று சொன்னேன். நீங்கள் என் பெயரை எழுதி வந்தது பகிடியா, மன்னிப்பா, வாழ்நாள் முழுதும் எனக்கென்று வைத்த தண்டனையா? மூன்றையும் மாறி மாறி நம்புகிறேன். உங்களைப் புரிந்துகொள்ள எனக்குக் கிடைத்தவை இந்த என்வலப்புகள் மட்டும்தான்.

குசினியில் இருந்தவர்களுக்கு இதனால் சொல்வது: அந்த மனிதரில் ஒரு பிழையும் இல்லை. படங்களை மேசையில் பரப்பியவன் நான், பொய் சொன்னவன் நான். செல்வத்துக்கு நேற்று ரெலிபோனில் இதைச் சொன்னேன். அவன், "அந்தக் காரடியிலை எடுத்த படம் ஒண்டும் சரியா வரேல்லை, தெரியுமோ?" என்றான். அழுதான் என்று நினைக்கிறேன்.

இன்று குளத்தடியில் ஒரு சுருள் முழுதும் எடுத்தேன். கமரா குறைக்கச் சொன்னது. நான் கேளாமல் ஒன்றரை ஸ்டொப் கூடக் கொடுத்தேன். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி எனக்கு இருக்கிற ஒவ்வொரு குளிர்காலமும், பனி விழுந்த முதல் ஞாயிறு நான் அங்கே நிற்பேன். நீங்கள் கூப்பிட்ட மூன்று ஞாயிறுகளுக்கும் சேர்த்து நிற்பேன்.

வரும் வழியில் சுருளை மருந்துக்கடையில் கொடுத்தேன். அங்கே நின்ற பெட்டை என்வலப்பையும் பேனையையும் நீட்டினாள். பெயர் எழுதுகிற இடத்தில் உங்கள் பெயரை எழுதினேன். புதன்கிழமை படம் வரும். அவள் 'குகன்' என்று கூப்பிடுவாள். நான் எழும்பிப் போய் வாங்குவேன்.

உங்கள் படத்தை முதல் முதல் பார்த்த,
உங்கள் தம்பி
வரதன்