ஒரு நாள் முன்னதாகத் திரும்பியது

அசந்து தூங்குகிறீர்கள். எழுப்ப மனம் வரவில்லை. பத்து நாள் லீவு முடிந்து நான் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறை வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

"ஒரு நாள் முன்னாடியே வீடு வந்து சேர்ந்தாத்தான் வேலைக்குப் போக அலுப்பா இருக்காது" என்று உங்கள் அக்கா வீட்டிலிருந்து உங்களை இழுத்துக்கொண்டு வந்தது நான்தான். ஆறு வருஷமாக உங்களோடு பேசாத உங்கள் அண்ணன் மறுநாள் அங்கே வரப்போகிறார் என்று தெரிந்தும் பிடிவாதம் பிடித்தேன். அப்படி மிச்சம் பிடித்த நாளில் நான் செய்தது, வேலைக்குப் போடும் இரண்டு கோட்டுக்கு இஸ்திரி போட்டதும் மத்தியானம் தூங்கியதும்தான்.

நேற்று அவர் போனில் "ஒரு நாள் இருந்திருக்கக் கூடாதாடா?" என்று கேட்டது எனக்கும் காதில் விழுந்தது. "அவளுக்கு வேலை இருந்துச்சுண்ணா" என்று என்னை விட்டுக்கொடுக்காமல் சொன்னீர்கள். அதற்குப் பதில் என்னைத் திட்டியிருக்கலாம்.

அக்காவிடம் விசாரித்துவிட்டேன். அண்ணன் நாளை மறுநாள் வரை அங்கேதான் இருப்பாராம். லீவு முடிந்தது எனக்குத்தான், உங்களுக்கு வியாழக்கிழமை வரை இருக்கிறது. பத்து மணி பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள். பையை அடுக்கிக் கதவோரம் வைத்திருக்கிறேன்.

டப்பாவில் சாப்பாடு இருக்கிறது, வழியில் சாப்பிடுங்கள். என் சாவியைக் காணோம், அதனால் உங்களுடையதைப் பக்கத்து வீட்டு டீச்சரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

மாத்திரை பையின் சின்ன ஜிப்பில்.

இன்னொன்று. சாயங்காலம் நானே கூப்பிட்டு அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கிறேன். திட்டினால் திட்டட்டும். போனை மட்டும் அவர் கையில் கொடுங்கள்.