ஒருத்தரையும் விடாதீங்க

9 ஜனவரி 2025

கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போதே கண்ணில் பட்டது. வாய்க்கால் முனையில் புதுக் கம்பம், மேலே கேமரா. கம்பத்தில் மஞ்சள் பெயிண்டில் ‘உபயம்: முத்துக்குமரன், மனை வியாபாரம்’.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரரை வெட்டிப் போட்டிருந்த கரும்புக் கொல்லை அங்கிருந்து கூப்பிடு தூரம். எங்கள் நிலத்தைப் பிளாட் போடக் கேட்டு நடையாய் நடந்தவன் இந்த முத்துக்குமரன். தர முடியாது என்றவர் செத்தார். கேட்டவன் கோயில் டியூப் லைட்டில் எழுதுகிற மாதிரி இங்கேயும் பெயரை எழுதிக்கொள்கிறான். சோறு இறங்கவில்லை.

10 ஜனவரி

ஏட்டம்மா மஞ்சுளாவிடம் கேட்டேன். துப்புக் கிடைக்காத கொலை வழக்குகளுக்கென்று ஸ்டேஷனுக்கு அரசு நிதி வந்திருக்கிறதாம். பழைய தடயங்களைச் சோதனைக்கு அனுப்பலாம், கேமரா வைக்கலாம். கேமராவுக்கு மட்டும் ஊரும் ஒரு பங்கு போட வேண்டுமாம்.

“அவரே வந்து குடுத்தாரும்மா. நாங்க இன்னா பண்றது?” என்றாள்.

யார் கொடுத்தாலும் கை நீட்டுவீர்களா? வெட்டினவன் கொடுத்தாலுமா?

தம்பி கலைவேந்தனிடம் சொல்லிப் பொருமினேன். “அவன் மூஞ்சியப் பாத்தாலே காறித் துப்பணும் போல கீதுக்கா” என்றான். ஸ்டேஷனுக்கு என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு அலைகிறவன் அவன் ஒருத்தன்தான். அவனும் இல்லையென்றால் நான் என்ன ஆகியிருப்பேன்?

18 ஜனவரி

கேமரா தொடக்க விழா. ஷாமியானா, மைக் செட், ரோஜா மாலை. இன்ஸ்பெக்டர் முத்துக்குமரனுக்குப் பொன்னாடை போர்த்தினார். ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்று என்னை முன்வரிசையில் உட்கார வைத்துப் போட்டோ வேறு. எல்லோருக்கும் பாதுஷாவும் மிக்சரும் கொடுத்தார்கள். அதுவும் அவன் செலவுதானாம். பொட்டலத்தைப் பிரிக்காமலே நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். சீ.

12 மார்ச்

பிரேதப் பரிசோதனையில் அவர் நகத்தை வெட்டி எடுத்திருக்கிறார்கள். மூன்று வருஷமாக அது ஒரு கவரில் கிடந்திருக்கிறது. இப்போது நிதி வந்ததும் அனுப்பிப் பார்த்தார்களாம். நகத்துக்குள் இன்னொரு ஆளின் இரத்தம் இருக்கிறதாம்.

அப்படியென்றால் அவர் சும்மா சாகவில்லை. வெட்டினவனைக் கீறியிருக்கிறார். வேனில் எல்லோர் எதிரிலும் அழுதுவிட்டேன்.

20 மார்ச்

சந்தேகப்பட்டவர்களிடம் இரத்தம் எடுக்க ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வந்தவர்கள் யார்? எங்கள் கொல்லையில் கரும்பு வெட்டிய கூலிக்காரர்கள் நாலு பேர், ஒரு சாராயக் கேஸ் ஆள். முத்துக்குமரன் இல்லை.

இன்ஸ்பெக்டரிடம் கத்தினேன். “அவன் இரத்தம் இன்னா பன்னீரா? ஏழைங்க கைலதான் ஊசி எறங்குமா? ஒருத்தரையும் விடாதீங்க சார்! இதோ, என் தம்பி மொதல்ல குடுப்பான். பெத்த புள்ள மாதிரி கூடவே நிக்கிறவன். அப்புறம் அந்த ஆளக் கூப்புடுங்க, வராம எப்டிப் போறான்னு பாக்கறேன்!”

கூட்டம் கூடிவிட்டது. இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு போன் போட்டார். கலைவேந்தன், “வுடுக்கா, இன்னாத்துக்கு இதெல்லாம்” என்று முனகினான். முகம் வெளுத்துவிட்டது. சின்ன வயசிலிருந்தே ஊசி என்றால் அவனுக்கு நடுக்கம். கையைப் பிடித்து நானே நாற்காலியில் உட்கார வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் முத்துக்குமரன் காரில் வந்தான். சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மடித்தான்.

ஜெயித்தேன்.

24 மார்ச்

தம்பி நாலு நாளாக வரவில்லை. கை வலிக்கிறதாம். ஆம்பளையாம்!

14 மே

மஞ்சுளா யூனிஃபார்ம் போடாமல், சேலையில் வந்தாள். “உக்காரும்மா” என்றாள் என் வீட்டிலேயே என்னிடம். நகத்தில் இருந்த இரத்தம் யாருடையது என்று முடிவு வந்துவிட்டதாம்.

தம்பி.

15 மே

எங்கள் நிலத்தை வாங்கித் தருகிறேன் என்று முத்துக்குமரனிடம் அட்வான்ஸ் வாங்கித் தின்றிருக்கிறான். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றதும் — எழுத முடியவில்லை.

மூன்று வருஷம் என் வீட்டில் சோறு தின்றான். நான் போட்டேன். போதும் என்று சொன்ன பிறகும் இன்னொரு கரண்டி போட்டேன். அந்தத் தட்டுகளைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். வீடே நாறுகிறது. என்னைப் பார்த்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

முத்துக்குமரனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் பொன்னாடை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தானா? அவன் மீதான அருவருப்பும் போகவில்லை. இரண்டையும் சேர்த்துச் சுமக்கிறேன்.

2 ஜூன்

அம்மா வந்தாள். ஜெயிலில் அவனைப் பார்த்துவிட்டு நேராக இங்கே.

“மாப்ள செத்த அன்னிக்குக் காலைல வூட்ல மாமனும் மச்சானும் மல்லுக்கட்டிக்கினாங்க, அப்பக் கீறிட்டாருன்னு ஒரு வார்த்த சொல்லுடி. வக்கீல் சொல்றாரு, அது போதுமாம்.”

“அவன் அன்னிக்கு வூட்டுக்கே வரலியேம்மா. கடலூர்ல இருந்தேன்னு அவனே சொன்னான்.”

“போனவன் வரப்போறானா? இவன் உன் கூடப் பொறந்தவன்டி!” என் காலைத் தொட வந்தாள். பெற்றவள், என் காலை! உதறிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன்.

ஒரு பொய். ஒரே ஒரு பொய் சொன்னால் அம்மாவுக்குப் பிள்ளை உண்டு. எனக்கும் அம்மா உண்டு. அவருக்கு யார் உண்டு?

17 ஜூன்

மாஜிஸ்திரேட் கேட்டார்: அன்று காலையில் உன் தம்பி வீட்டுக்கு வந்தானா?

வரவில்லை என்றேன்.

வெளியே வந்தபோது அம்மா வேப்ப மரத்தடியில் வக்கீலோடு நின்றிருந்தாள். “யாரும்மா அவங்க?” என்று அவர் என்னைக் காட்டிக் கேட்டார்.

“செத்துப்போன நாகராஜன் பொண்டாட்டி” என்றாள் அம்மா.