லாவினியா கொடுத்த குரல்

2019 நவம்பர் 4, திங்கள்

டிஸ்க் வந்துவிட்டது. அட்டையில் 'புதுப்பிக்கப்பட்ட பதிப்பு' என்று தங்க எழுத்து. ஐம்பது வருஷமாக எந்த டிவியும் போடாத கௌபாய் படம். டெக்சாஸ் என்று காட்டியதெல்லாம் ஸ்பெயின் புழுதி. நாயகன் அமெரிக்கன், நாயகி ஜெர்மன்காரி, வில்லன் நேப்பிள்ஸ்காரன். அவரவர் பாஷையில் பேசி நடித்துவிட்டுப் போனார்கள். அப்புறம் ரோமில் ஓர் இருட்டறையில் வைத்து எல்லோருக்கும் இத்தாலிய மொழியில் குரல் கொடுத்தார்கள். நாயகிக்குக் கொடுத்தது என் மனைவி லாவினியா.

அவள் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம். போட்டோ பெட்டி பெட்டியாக இருக்கிறது. குரல் ஒரு துளிகூட வீட்டில் இல்லை.

நாளை பார்க்கப் போகிறேன். முகச்சவரம் செய்துகொண்டேன். யாருக்காகவாம்?

நவம்பர் 5

அவள் இல்லை.

படம் பளிங்கு மாதிரி இருக்கிறது. வில்லன் நெற்றி வியர்வைகூடத் தெரிகிறது. நாயகி வாயைத் திறந்தாள், யாரோ ஒருத்தி செய்தி வாசிக்கிற மாதிரி பேசினாள். பாதியில் நிறுத்திவிட்டேன். சாப்பிடவில்லை.

நவம்பர் 7

கம்பெனிக்குப் போன் செய்தேன். பெர்லா என்று ஒரு பெண். "பழைய ஒலி கெட்டுப்போச்சுங்கய்யா, புது ஆளுங்கள வச்சு மறுபடி டப்பிங் பண்ணிட்டோம்" என்றாள். முகத்தைத் துடைத்து வைத்துவிட்டு நாக்கை மாற்றிவிட்டார்கள்! கத்திவிட்டேன். காரணத்தைச் சொன்னேன். தெர்னி என்ற ஊரில் ஒருவரிடம் பழைய தியேட்டர் பிரதி இருக்கிறது, கேட்டுப் பார்க்கிறேன் என்றாள்.

நவம்பர் 12

பாரில் நாஸரேனோ ஆரம்பித்துவிட்டான். கறிக்கடையை மூடியதிலிருந்து அவனுக்கு என் வாயைக் கிண்டுவதுதான் வேலை.

"என்னடா ப்ரிமோ, டெக்சாஸ் மகாராணி பேசினாளா?"

"பேசுவா. வேற டிஸ்க் வருது."

"வந்தா எங்களையும் கூப்பிடு. ஐம்பது வருஷமா கேட்டுக் காது புளிச்சிருச்சு."

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ். சாப்பாட்டு மேஜையில் ஒற்றைத் தட்டு.

2020 ஜனவரி 11, சனி

பெர்லா அனுப்பிவிட்டாள். பழைய ஒலி, ஒரே கரகரப்பு.

நாயகி பேசினாள். இதுவும் லாவினியா இல்லை.

திரும்பத் திரும்பப் போட்டேன். இல்லவே இல்லை. டப்பிங்காரர்கள் பெயரை அப்போது டைட்டிலில் போடுவதில்லை. யார் எது சொன்னாலும் நம்ப வேண்டியதுதான். பொய் சொன்னாளா? என்னிடமா?

யோசித்துப் பார்க்கிறேன். அறுபத்தொன்பதில் தியேட்டரில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொன்னது: "இதுல நான் பேசியிருக்கேன்." அவ்வளவுதான். நான் எங்கே திரையைப் பார்த்தேன்? கல்யாணமாகி மூன்று மாதம், அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாயகி என்று முடிவுகட்டியது நான். பாரில் தம்பட்டம் அடித்ததும் நான். ஏண்டி ஒரு தடவைகூட மறுக்கல? என் சந்தோஷத்த கெடுக்க வேணாம்னு நினைச்சியா? இல்ல, உனக்கும் அது பிடிச்சிருந்துதா?

பிறகு, துப்பாக்கிச் சண்டைக்கு முன்னால் ஊரே கூடி நிற்கும் இடம். மாடி ஜன்னலிலிருந்து ஒரு கிழவி கத்துகிறாள்: "யேய், குதிரைய அந்தாண்ட ஓட்டு! துணி காயப்போட்டிருக்கேன், கண்ணு தெரியல?"

டெக்சாஸ் கிழவிக்கு எங்கள் ரோம் தெருப் பேச்சு. லாவினியாவேதான். இருபத்திரண்டு வயசில் கிழவிக்குப் பேசியிருக்கிறாள். சிரித்தேன். அப்புறம் சிரிக்க முடியவில்லை.

ஜனவரி 13

பெர்லா அனுப்பியது நாஸரேனோ காதுக்கு எட்டிவிட்டது. வியாழக்கிழமை நாலு பேராக வருகிறார்களாம். சொல்லிவிடலாமா? சொன்னால் நான் கோமாளி, பரவாயில்லை. அவளைப் பொய்க்காரி என்று ஒருத்தன் சொல்லிவிட்டால்?

ஜனவரி 16, வியாழன்

சாயங்காலம் வந்தார்கள். நாயகி பேசியதும் கை தட்டினார்கள். "அடடா, லாவினியாவேதான்!" என்றான் ஒருவன். நான் ஒயின் ஊற்றிக் கொடுத்தேன். ஜன்னல் காட்சி வந்தது, போனது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை பேர் நடுவில் இவ்வளவு தனியாக நான் இருந்ததே இல்லை.

எல்லோரும் இறங்கிப் போனார்கள். நாஸரேனோ மட்டும் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"டேய், அந்த ஜன்னல்காரிய இன்னொரு தடவ போடு."

"எதுக்கு?"

"சீட்டாடுறப்போ முப்பது வருஷம் என்னைத் திட்டின குரல்டா. எனக்குத் தெரியாதா?"

போட்டேன். ஆறு தடவை கேட்டோம். ஏழாவது தடவை அவளோடு சேர்ந்து அவனும் கத்தினான்.

"பார்ல சொல்லிருவியா?" என்று கேட்டேன்.

"எதை?" என்றான்.

வியாழக்கிழமை என்றால் ரோமில் ஞோக்கி, உருளைக்கிழங்கு உருண்டை. அவன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டான். நான் உருளைக்கிழங்கை இன்னும் கொஞ்சம் சேர்த்து வேகவைத்தேன்.