போன தடவை நான் சொன்ன பொய்

என் ஆசை அம்மாவுக்கு,

தங்கச்சி தர்ஷினிக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. ஓட்டம் மட்டும் குறையவில்லை. ஒரு இட்லியை முடிப்பதற்குள் வீட்டைப் பத்துச் சுற்று சுற்றுகிறாள், நானும் தட்டோடு பின்னால் ஓடுகிறேன். நீ கண்ணை மூடியதும் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேனே, அதிலிருந்து நான் இளைத்துப் போனேன் என்று அத்தை சொல்கிறார். இளைக்காமல் என்ன செய்யும்?

உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ யாருக்கும் தெரியாமல் வைத்திருந்ததை நான் டவுன் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டேன்.

ஆனியில் அவளைப் பள்ளியில் சேர்த்தோம். உட்காரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். ஒரு தடவை டாக்டரிடம் காட்டுங்கள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். அதைக் கேட்டு அத்தை நரிக்குடியிலிருந்து வந்துவிட்டார். முந்தின நாள் முழுக்க அவளைப் பம்புசெட்டில் ஆடவிட்டுக் களைக்க வைத்தார். காலையில் பவுடர் போட்டு, பூ வைத்து, பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் நிறுத்துவது போல ஜோடித்தார்.

"டாக்டரு என்ன கேட்டாலும் நல்லதாவே சொல்லு. எதையாச்சும் ஒளறி வைக்காத. நாளைக்கு உனக்கு மாப்பிள்ள பாக்கணும்ல? தங்கச்சி இப்படின்னா எவன் வருவான்?"

"இப்ப எதுக்கு அத்தை எனக்கு மாப்பிள்ள?"

"இப்பவா கட்டி வைக்கப் போறேன்? வரப்போறவுக காதுல விழுகாம இருக்கட்டும்னு சொல்றேன்டி."

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அப்பா மடியில் தூங்கி வழிந்தாள். பெயர் சொன்னால் திரும்புவாளா என்று டாக்டரம்மா கேட்டார். மற்ற பிள்ளைகளோடு விளையாடுவாளா, ஓரிடத்தில் உட்காருவாளா? நான் குனிந்த தலை நிமிராமல் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று ஆட்டினேன். "நீங்க சொல்றதப் பாத்தா ஒண்ணும் தெரியலையே. ஏதாச்சும்னா உடனே கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். அத்தை அவளை, ஏதோ பரீட்சையில் தேறியவளைப் போலத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அடுத்த மாதம் சாப்பாட்டு நேரத்தில் அவள் பள்ளி கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டாள். தூத்துக்குடி லாரிகள் எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும். டீக்கடை முன்னால் நின்ற லோடு லாரியின் பின்சக்கரத்தோடு ஒட்டி உட்கார்ந்து, நட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். "ஏலே, எடுக்காதலே! புள்ள! அடியில புள்ள!" என்று டீக்கடைக்காரர் போட்ட சத்தத்தில்தான் வண்டி நின்றது. நான் ஓடிப் போனபோது டிரைவர் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். அவள் இன்னும் நட்டுகளைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

நான் உண்மையைச் சொல்லியிருந்தால் பள்ளியில் அவள் மேல் ஒரு கண் வைத்திருப்பார்களே, அம்மா?

மறுநாள் அத்தைக்குச் சொல்லாமல் அப்பாவும் நானும் அவளைக் கூட்டிப்போனோம். இந்தத் தடவை அவள் தூங்கவில்லை. மேசைக்கு அடியில் புகுந்தாள், ஃபேன் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தாள். டாக்டரம்மா பொறுமையாக இருந்தார். "போன தடவை நான் சொன்னது பொய்" என்றேன். அப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை. தாகம் எடுத்தால் நாம் கேட்பது போலவே "தண்ணி வேணுமா?" என்று அவள் நம்மிடம் கேட்பாளே, அதைக்கூடச் சொன்னேன்.

துறுதுறுப்பு அளவுக்கு மேல் இருக்கிறது, ஆட்டிசமும் இருக்கலாம், மதுரையில் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்வார்கள் என்றார். பயிற்சி கொடுத்தால் நிறையக் கற்றுக்கொள்வாள், இது யார் செய்த குற்றமும் இல்லை என்றார். கைக்குழந்தையில் பால் குடிக்கும்போது அம்மா முகத்தைப் பார்ப்பாளா என்றும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

பஸ்ஸில் வரும்போதுதான் அப்பா சொன்னார். "ஒங்கம்மா எங்கிட்ட ஒருநா கேட்டா தாயி, புள்ள ஏன் என் மொகத்தப் பாக்க மாட்டேங்குதுன்னு. போடி கிறுக்கின்னுட்டேன்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்படியென்றால் உனக்குத் தெரிந்திருக்கிறது. யார் கேட்டாலும் "அவ கொஞ்சம் வாலு" என்று சிரித்தாயே, அப்போதெல்லாம் தெரிந்துதான் சிரித்தாயா? அதற்குப் பிறகு வேறு யாரிடமுமே கேட்கவில்லையா?

விஷயம் தெரிந்ததும் அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் போன் பண்ணி, "மதுரைக்கு நானும் வாரேன். ஒத்தையில எப்படிடி அவளப் பிடிப்ப?" என்றார்.

உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அம்மா. ஆனால் நான் இனி மறைக்க மாட்டேன். ரோட்டோரத்தில் பன்னிரண்டு கடை இருக்கிறது. "என் தங்கச்சிக்குக் கூப்பிட்டா திரும்பத் தெரியாது, ஓடி வந்தா பிடிச்சு வச்சுக்கங்க" என்று எல்லாக் கடையிலும் சொல்வேன். நேற்று பஞ்சர் கடையில் சொல்லிவிட்டேன். குரல் சரியாக வெளியே வராமல் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. மிச்சம் பதினொன்றுக்கும் போவேன்.

உன் மூத்த மகள்,
தர்ஷினியின் அக்கா