முடிந்த தேதிக்கு ஒரு கட்டம்

ஹைதம்,

இழுப்பறையில் என் பாஸ்போர்ட்டைக் காணோம் என்று உடனே உன் அம்மாவுக்குப் போன் போடாதே. நான் அமெரிக்காவுக்குப் போகவில்லை, அம்மான் நகரத்தை விட்டே போகவில்லை. அமெரிக்க வரிப் படிவத்துக்காக அதை ஜெராக்ஸ் எடுக்கத்தான் போகிறேன்.

"ஜூன் வரைக்கும் டைம் இருக்கு, ஜனவரியிலயே எதுக்கு இந்தப் பேப்பரெல்லாம்? ஊருக்குக் கிளம்புறியா?" என்று நேற்று கத்தினாயே. போன வருடம் படிவம் அனுப்ப வேண்டிய கடைசி நாளில் நான் அழுதது மறந்துவிட்டதா? அதனால்தான் சீக்கிரம் ஆரம்பித்தேன். ஆனாலும் ஒன்றும் புரியவில்லை. உன் வீடு எந்த நாட்டில் என்று கேட்கிறார்கள். எனக்கே குழப்பம்.

அடுப்பில் பருப்பு சூப் இருக்கிறது, எலுமிச்சை பிழிந்துகொள். தெருவில் கேஸ் வண்டியின் பாட்டு கேட்டால் ஒரு சிலிண்டர் வாங்கி வை. கேஸ் தீர்ந்து ஹீட்டர் அணையப் போகிறது.

கோரின்

பி.கு. வெளிநாட்டில் குடியிருக்கத் தொடங்கிய தேதிக்கு நம் கல்யாணத்தின் மறுநாளைப் போட்டேன். பக்கத்திலேயே அது முடிந்த தேதிக்கு ஒரு கட்டம். நீ "போறதுன்னா போ" என்று வேறு சொல்லிவிட்டாய். என்ன எழுதுவது என்று தெரியாமல் காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாக ஒன்று. அந்தக் கட்டத்தில் "தொடர்கிறது" என்று பேனாவால் எழுதிவிட்டேன். சாவி எடுத்துப்போகவில்லை. பெல் அடித்தால் நீதான் வந்து திறக்க வேண்டும்.