ஆஷா பால் குடிக்காத நாட்கள்

1-5-2006, திங்கள்

மே தினம். எங்கள் பனியன் கம்பெனிக்கு லீவு. விருந்தாளிகளிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். பெரிய பேரன் தண்டாயுதபாணிக்கு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, வேன் வாசலுக்கே வந்து ஏற்றிப் போகிறது. மகள் வீட்டுப் பையன் போன வருஷம் பத்தாவதில் கணக்குக்கு நூற்றுக்கு நூறு. அவன் தங்கை பல்லடத்தில் பேச்சுப் போட்டியில் குத்துவிளக்கு வாங்கினாள். எல்லோருக்கும் மேலே என் தேஜு. தேஜஸ்ரீ, மகன் மகுடேஸ்வரனுடைய மகள். கோயமுத்தூரில் சைக்காலஜி பி.எஸ்ஸி. பரீட்சை எழுதி முடித்து நேற்றுத்தான் வந்தாள். மனசைப் பற்றிய படிப்பு.

வந்திருந்த அம்மா ஒருத்தி, "அதென்னுங்க, பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கறதுங்களா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "உங்க மனசுல என்ன இருக்குதுன்னு உக்காந்த எடத்துல இருந்தே சொல்லிப்போடுவா" என்றேன். அப்புறம் போகும்வரை அந்தம்மா தேஜு பக்கமே திரும்பவில்லை.

4-5-2006

வீட்டில் சண்டை. தேஜு எம்.எஸ்ஸி. படிக்க மெட்ராஸ் போக வேண்டும் என்கிறாள். மகுடேஸ்வரன், "அதப் படிச்சு நம்ம கம்பெனிக்கு என்ன உபயோகம் கண்ணு?" என்கிறான்.

அவனுக்கு வேறு தலைவலி. ஜூனில், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஆட்கள் கம்பெனியைச் சோதிக்க வருகிறார்கள். அவர்கள் சொன்னபடி வேலைக்கு வரும் பெண்களின் பிள்ளைகளுக்கு ஓர் அறை கட்டி, சுவரில் யானையும் முயலும் வரைந்தாயிற்று. பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டு மெஷினில் உட்காருவது கூடாதாம். எல்லோருக்கும் புது நீல ஏப்ரன். பழைய சட்டைகளை மூட்டை கட்டி வேஸ்ட் ரூமில் போட்டாயிற்று. எல்லாம் சரி. அந்த அறையில் ஒரு குழந்தை மட்டும் காலையில் இருந்து சாயங்காலம் வரை வீறிட்டு அழுகிறது. டெய்லர் ரோஸ்மேரியின் மகள் ஆஷா. இன்னும் நடை வரவில்லை.

கடைசியில் மகுடேஸ்வரன் சொன்னான்: "உன்ற படிப்ப வெச்சு அந்தப் புள்ளைய அழுவாம உக்கார வை. மெட்ராஸுக்கு நானே கொண்டுபோய் உடறேன்."

தேஜு "சரிங்கப்பா" என்றுவிட்டாள்.

9-5-2006

நேற்று ஓட்டுப் போட்ட மை விரலில் அப்படியே இருக்கிறது.

தேஜு புத்தகத்தைப் பிரித்து வைத்து எனக்குத் தமிழில் சொன்னாள். பாவ்லோவ் என்று ரஷ்யாக்காரர். நாய்க்குச் சோறு வைக்கும் போதெல்லாம் மணி அடித்தாராம். அப்புறம் சோறு இல்லாமல் மணி மட்டும் அடித்தாலும் நாய்க்கு எச்சில் ஊறியதாம். இதற்கு ரஷ்யா எதற்கு, நம் கம்பெனியில் டீ பெல் அடித்தால் தெரியுமே என்றேன். சிரித்தாள். ஸ்கின்னர் என்பவர் எலியைப் பெட்டிக்குள் விட்டாராம். கட்டையை அழுத்தினால் தீனி விழும். தீனி கிடைப்பதால் எலி அதையே திரும்பத் திரும்பச் செய்யும். வாட்சன் என்று ஒருவர் இருக்கிறார். பெற்ற பிள்ளையை மடியில் வைக்காதே, முத்தம் கொடுக்காதே, காலையில் கை குலுக்கினால் போதும் என்று எழுதினாராம். அந்த ஆளைப் பெற்றவள் யாரோ பாவம்.

ஆஷாவுக்கு ஸ்கின்னர் வழிதான் என்று முடிவு செய்திருக்கிறாள். அழும்போது தூக்கினால், அழுதால்தான் தூக்குவார்கள் என்று குழந்தை கற்றுக்கொள்ளுமாம். சும்மா இருக்கும்போது தூக்க வேண்டும். டீ நேரத்தில் ரோஸ்மேரி வந்து எட்டிப் பார்க்கவும் கூடாது.

அறையைப் பார்த்துக்கொள்ளும் கருப்பாத்தாளுக்கு மனசே இல்லை. "அழுவற புள்ளையத் தூக்காம எப்படீங்க சும்மா பாத்துட்டு இருக்கறது?"

"எம்பேத்தி படிச்சுட்டுச் சொல்றா, செய்யி" என்றேன்.

12-5-2006

இன்றும் அழுகை. பால் ரெண்டு மடக்கு.

16-5-2006

ரோஸ்மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "பாட்டி, பிள்ள வீட்டுல நல்லாத்தான் குடிக்கா. இங்க தொடவே மாட்டேங்கா. எங்கம்மா கால் ஒடிஞ்சு ஊருக்குப் போயிட்டாவ, வச்சிக்கிட ஆளில்ல. இது சரிவரலன்னா நானும் சாத்தான்குளத்துக்கே போயிர வேண்டியதுதான்." புருஷன் ஜெபக்குமார் சாயப்பட்டறையில் வேலை. இவள் சம்பளமும் இல்லாமல் இங்கே குடித்தனம் நடக்காது.

"இன்னும் கொஞ்ச நாள் பொறு சாமி, தேஜு பாத்துக்குவா" என்றேன்.

18-5-2006

ஆஷா அழவில்லை! காலையில் இருந்து ஒரு சத்தம் இல்லை. மகுடேஸ்வரன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பரவால்லையே! படிப்புல என்னமோ இருக்குது. பெட்டியக் கட்டிக்க கண்ணு" என்றான். உடனே மகளுக்கும் தண்டாயுதபாணிக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுக்கும் சொன்னேன்.

தேஜு மட்டும் சாப்பிடாமல் எழுந்துவிட்டாள். ஏன்?

19-5-2006



காலையில் தேஜு என்னை அந்த அறைக்குக் கூட்டிப்போனாள். ஆஷா மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. கிலுகிலுப்பை ஆட்டினால் திரும்பவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. பால் அப்படியே இருக்கிறது. உடம்பு சுடுகிறது.

"இது அழுவை நின்னது இல்லீங்க அப்பாயி. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டு, யாரும் வரலைன்னு உட்டுப்போட்டா."

அடி பாவி, நான் ஊரெல்லாம் சொல்லிப்போட்டேனே! "ஒப்பன் மெட்ராஸுக்கு ஒத்துக்கிட்டான். வாயத் தொறக்காத, மெதுவா சரி பண்ணிக்கலாம்" என்றேன். சொன்னேன்தான். ஒரு பார்வை பார்த்தாள்.

குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தையல் லைனுக்குள் போனாள். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ரோஸ்மேரி முன்னால் நின்று எல்லோர் காதிலும் விழும்படி, "அக்கா, நான் சொன்னது தப்புங்க. எனக்கு மெட்ராஸ் போவணும்னு இருந்துச்சு, அதனால அவசரப்பட்டுட்டேன். இனி அழுதா உடனே தூக்கலாம், நீங்க எப்ப வேணாலும் வந்து பாக்கலாம்" என்றாள்.

ரோஸ்மேரி பிள்ளையை வாங்கி ஏப்ரனில் சாய்த்துக்கொண்டாள். மகுடேஸ்வரன் ஆபீஸ் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தான். முகம் கறுத்துவிட்டது.

22-5-2006

காய்ச்சல் இறங்கிவிட்டது. கூப்பிட்டால் ஆள் வரும் என்றானதும் ஆஷா மறுபடி அழ ஆரம்பித்தாள். "நின்ன அழுவைய நீதான் மறுபடி கொண்டாந்தே" என்று சொன்னதோடு மகுடேஸ்வரன் மகளிடம் பேசுவதை நிறுத்திவிட்டான்.

தேஜு வேறு ஒருவரைப் படித்துச் சொன்னாள். ஹார்லோ என்று பேர், குரங்குக் குட்டிகளை வைத்துப் பார்த்தவர். கம்பியில் ஒரு தாய் செய்து அதில் பால் புட்டி வைத்தாராம். துணியில் ஒரு தாய் செய்து பால் இல்லாமல் வைத்தாராம். குட்டிகள் பாலுக்கு மட்டும் கம்பிக்குப் போய்விட்டு, மிச்ச நேரமெல்லாம் துணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தனவாம். அதுவரை பால் கொடுப்பதால்தான் பிள்ளை தாயிடம் ஒட்டுகிறது என்று பெரிய பெரிய படிப்பாளிகளே நம்பினார்களாம்.

அந்தக் குட்டிகளை அவற்றின் தாயிடமிருந்து பிரித்தது யார் என்று கேட்டேன். அதே ஹார்லோதான் என்றாள்.

திருப்பூரில் துணிக்கா பஞ்சம்? துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் புது பனியன் துணியில் பஞ்சு அடைத்துப் பெரிய பொம்மை தைத்துக் கொடுத்தார். ஆஷா அதை உதைத்துத் தள்ளிவிட்டாள்.

24-5-2006

கருப்பாத்தாள் பாத்திரம் கழுவப் போன நேரத்தில் ஆஷாவைக் காணோம். தேடினால், தவழ்ந்து போய் வேஸ்ட் ரூம் வாசலில் பழைய சட்டை மூட்டை மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டு, வெளியே தொங்கிய ஒரு சட்டைக் கையை வாயில் வைத்திருக்கிறாள். ரோஸ்மேரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எங்க வீட்டுக்காரர் சட்டைதான் பாட்டி, நான் போட்டுட்டு வேலை செஞ்சது. அப்பல்லாம் சாயந்தரம் வீட்டுக்குப் போனதும் அதோடதான் பிள்ளையத் தூக்குவேன்."

உருவிப் பார்த்தால் காலரில் வேர்வை, எண்ணெய், நூல் பிசிறு. பிள்ளை வாயில் வைக்கிறதே என்று பக்கெட்டில் சோப்புத்தூள் போட்டு முக்கப் போனேன். தேஜு படியில் இருந்து கத்தினாள்: "அப்பாயி! தொவைக்காதீங்க! அந்த வாசம்தானுங்க அவளுக்கு அம்மா!"

முக்கவில்லை. பாய் மேல் போட்டோம். மத்தியானம் ஆஷா அதன் மேல் படுத்து முக்கால் புட்டி குடித்தாள். தேஜு ஆனந்தப்படவில்லை. "இது சரியான்னு இன்னும் தெரியாதுங்க. நாளைக்கும் பாக்கோணும்" என்றாள்.

2-6-2006

குடிக்கிறாள். சில நேரம் அழுகிறாள். தூக்கினால் நிற்கிறது.

14-6-2006

சோதனைக்கு ஆட்கள் வந்தார்கள். ஒரு வெள்ளைக்காரம்மா, கூட ரெண்டு பேர்.

மகுடேஸ்வரன் விடியும் முன்னே அந்தச் சட்டையை எடுத்து ஆபீஸ் பீரோவில் பூட்டியிருக்கிறான், அழுக்காக இருக்கிறது என்று. எங்களிடம் சொல்லவில்லை. அவர்கள் அறைக்குள் நுழைந்ததும் ஆஷா ஆரம்பித்தாள் — அப்படி ஒரு அழுகை. கருப்பாத்தாள் தூக்கினாள், ரோஸ்மேரியும் ஓடி வந்து தரையில் உட்கார்ந்து மடியில் போட்டுப் பார்த்தாள், நிற்கவில்லை. அந்தம்மா பேனாவைத் திறந்தாள்.

மகுடேஸ்வரன் ஓடினான். செருப்பை விட்டுவிட்டு ஓடினான். பீரோவைத் திறந்து சட்டையோடு வந்து, வெள்ளைக்காரம்மா காலடியில் குந்தி, அவன் கையாலேயே ஆஷாவின் தோளில் போர்த்தினான். விசும்பல் அடங்கியதும் நிமிர்ந்து, "தேஜு, இதென்னன்னு அந்தம்மாவுக்கு இங்கிலீஷ்ல சொல்லு கண்ணு" என்றான். அவளிடம் அவன் பேசி எவ்வளவு நாளாயிற்று!

தேஜு சொன்னாள். கடைசியில் அவர்கள் தீயணைக்கும் சிலிண்டர் பழசாகிவிட்டது என்று மட்டும் எழுதிவிட்டுப் போனார்கள்.

16-7-2006, ஞாயிறு

மெட்ராஸ் ஹாஸ்டலில் இருந்து தேஜு போன் செய்தாள். சாப்பாடு காரமாம். அவள் அப்பன் கொண்டுபோய் விட்டதில் இருந்து தினமும் மெஸ் பற்றி விசாரிக்கிறானாம், சொல்லிச் சிரித்தாள். நேற்று வந்தவர்களிடம் அவளைப் பற்றிப் பேசும்போது அவள் பரீட்சையில் வாங்கிய ரேங்க்கில் ஆரம்பித்தேன். பேச்சு எப்படியோ அவள் தையல் லைன் நடுவில் நின்று தான் சொன்னது தப்பென்று ஒப்புக்கொண்ட நாளுக்குப் போய்விட்டது.

ரோஸ்மேரி வேலையை விடவில்லை. ஆஷா சுவரைப் பிடித்து நிற்கிறாள். இன்று சர்ச்சுக்குப் போகும் வழியில் பிள்ளையோடு வந்து, "பாட்டி, தேஜு அக்கா போட்டோ ஒண்ணு இருந்தா தாங்க. பிள்ள மறந்துரக் கூடாது" என்று கேட்டாள். என்னிடம் இருப்பது பத்தாவது ஹால் டிக்கெட்டுக்கு எடுத்தது, ரெட்டைச் சடையோடு. அதை எப்படிக் கொடுப்பது?

அதனால் போனில் சொல்லிவிட்டேன்: ஸ்டுடியோவுக்குப் போய்ப் புதுசாக எடு கண்ணு. சிரித்த முகமாக எடு. ரெண்டு பிரதி தபாலில் போடு. ஒன்று எனக்கு. முதலில் ரோஸ்மேரிக்கு.